கொடிக்கம்பியில் மாட்டிய சாவி

கீழமருதங்குடி, நன்னிலம் தாலுகா
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் வீரையனுக்கு, உன் அம்மா சொல்லச் சொல்ல தங்கை வேம்பு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேம்புவும் சுகம். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். அந்த மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நோயாளியைத் திட்ட எனக்கு மனசு வராது, இன்றைக்கு உன்னைத் திட்டியே ஆக வேண்டும். நான் சொல்லும் வார்த்தைகளில் சிலதை எழுத மாட்டேன் என்று இந்தப் பத்தாம் வகுப்புக்காரி பேனாவை மூடி மூடி வைக்கிறாள். அந்த இடங்களில் கோடு போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். நீயே நிரப்பிக்கொள், உனக்குத் தெரியாத வார்த்தை அதில் ஒன்றும் இல்லை.

பண்ணையார் நாகநாதன் வீட்டு வெள்ளை மாருதியை வாங்கப் போகிறேன், அவர் தங்கை மகன் நான் வேலை பார்க்கும் கம்பெனியில்தான் இருக்கிறான், அவன் மூலமாகப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். எழுதினாயே தவிர கேட்கவில்லை. சின்ன வண்டி, நம் வாய்க்கால் ரோட்டுக்குள் திரும்பும், பெட்ரோல் அதிகம் குடிக்காது, புதுசு வாங்குவதில் பாதி விலைகூட இல்லை, அப்பாவைத் திருவாரூருக்குக் கால் வைத்தியத்துக்குக் கூட்டிப்போக பஸ்ஸில் தொங்க வேண்டாம் என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டாய். அப்பா காலில் ஏறிய அதே டயர் அப்பாவைச் சுமக்க வேண்டும், நாகநாதன் தெருவில் அவரை முன் சீட்டில் உட்கார வைத்து மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும் என்று. படித்துக் காட்டும்போது வேம்பு அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். எனக்கு ஒரு தடவையே போதும். டேய், அந்த டயரை நாகநாதன் எப்போதோ கழற்றிப் போட்டு வேறு மாட்டிவிட்டார். அதுகூடத் தெரியாமல் நீ யாரைப் பழிவாங்கப் போகிறாய்?

அந்தக் காரைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டாம். அது இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அதன் மூக்கில் ஒரு கொடிக்கம்பி நிற்கும். சென்னையில் ஆட்சி மாறும்போதெல்லாம் அந்தக் கம்பியில் கொடி மாறும், காருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டும் மாற மாட்டார். கூலி உயர்வு கேட்டு நாம் அறுப்புக்குப் போகாமல் நின்ற வருஷம், வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு முன்னால் அந்தக் காரில் வந்தார் நாகநாதன். களத்துமேட்டுப் பாதையில் உன் அப்பா தன்னந்தனியாகக் கையை விரித்துக்கொண்டு நின்றார். கார் நிற்கவில்லை. நீ அப்போது திருவாரூரில் ஐ.டி.ஐ. விடுதியில் இருந்தாய், கட்டுப் போட்ட காலைத்தான் பார்த்தாய். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டவள். சாமிதுரை தானாக வழுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தான் என்று போலீஸில் எழுதிக் கேஸை முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கார் தெருவில் போனால் நான் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பேனே தவிர வழிவிட்டு ஒதுங்கியது கிடையாது. அந்த ———— காரை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்த உனக்கு எப்படி மனசு வந்தது?

இப்போது நடந்ததைக் கேள். இந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேரவே புரட்டாசி ஆகிவிட்டது. மேலே இருப்பவர்கள் தருகிறோம், தர மாட்டோம் என்று சண்டை போட்டு முடிப்பதற்குள் நாற்று முற்றிவிடும் போலிருந்தது. எப்படியோ போன புதன்கிழமை நடவு வைத்தோம். முதல் நாள் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. அப்பா விடியலில் குளித்து, சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, சனி மூலையில் முதல் நாற்று முடியை வைத்துக் கும்பிட்டுக் கரையேறுவார். அதற்குப் பிறகுதான் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கோவணத்தோடு சேற்றில் இறங்குவார். வருஷத்தில் அந்த ஒரு பொழுதுதான் உன் அப்பா வெள்ளையாக இருப்பது. அவர் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வேட்டியைக் கழற்றப் போகும்போது, சரியாக அந்த நேரத்துக்கு, வாசலில் கார் வந்து நின்றது. நாகநாதனின் காரியக்காரர் ரெங்கசாமி இறங்கினார். டிரைவர் இறங்கினான். கழுத்தில் கேமராவோடு ஸ்டுடியோக்காரன் ஒருவனும் இறங்கினான்.

நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து உன் அப்பாவை "வாடா சாமிதுரை" என்று கூப்பிடுகிறவர் அந்தக் காரியக்காரர். அன்றைக்கு, "வாங்க சாமிதுரை, வந்து உங்க வண்டியப் பாருங்க" என்றார். கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த நான் செம்பைக் கீழே வைத்தேன். உன் அப்பா, பாவம், சிரித்துவிட்டார். "தம்பி ஆசையா வாங்குது, நீங்க பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புனா எவ்ளோ சந்தோசப்படும்" என்று கையைப் பிடித்து இழுத்துக் காரோடு சேர்த்து நிறுத்தினார். கதவைத் திறந்து அதில் ஒரு கையை வைக்கச் சொன்னார்கள். தோளில் துண்டைச் சரியாகப் போடச் சொன்னார்கள். நான் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடி வருவதற்குள் எடுத்து முடித்துவிட்டார்கள். "எதுக்கு சாமி எங்க வீட்ல போட்டோ" என்று கேட்டேன். "ஒம் மவன் கேட்டான் செவ்வந்தி, எல்லாத்துக்கும் ஏன் மூக்க நீட்டுற" என்றார் காரியக்காரர். என்னிடம் மட்டும் அந்த மரியாதை வரவில்லை. சாவியை அப்பா கையில் வைத்து மூடிவிட்டு மூவரும் நடந்தே போய்விட்டார்கள். கார் நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் நம் கோழிகள் அதன் மேல் ஏறி நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.

மறுநாள் வக்கீல் குமாஸ்தா கலந்தர் பாய் வாய்தா தேதி சொல்ல சைக்கிளில் வந்தார். காரைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையில் அடித்துக்கொண்டார். "யாருது இது" என்றார். சொன்னேன். "எப்ப வந்துச்சு, யார் போட்டோ புடிச்சா, அண்ணன் என்ன உடுத்தியிருந்தாரு" என்று வரிசையாகக் கேட்டார். பிறகு எனக்கும் அப்பாவுக்கும் புரிகிற மாதிரி சொன்னார், அதை இங்கே உனக்கும் சொல்கிறேன். நம் குத்தகை நிலத்தைப் பிடுங்க ரெவின்யூ கோர்ட்டில் நாகநாதன் போட்டிருக்கும் கேஸில் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சாமிதுரை தன் உடம்பால் பாடுபடவில்லை, மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான், ஆள் வைத்துச் செய்கிறான், இவனெல்லாம் குத்தகைக்காரன் என்று பாதுகாப்புக் கேட்க முடியாது என்பதுதான். சேற்றில் நம் கால் இருக்கும் வரைக்கும்தான் அந்த நிலம் நமக்கு. அந்த ஒரு பிடியை வைத்துத்தான் இத்தனை வருஷம் நிற்கிறோம். இப்போது வெள்ளை வேட்டியில், தோளில் துண்டோடு, சொந்தக் காரின் கதவில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற சாமிதுரை படம் அவர் கையில் இருக்கிறது. நடவு நாளில் எடுத்த படம். "நடவு அன்னைக்கு இந்தாளு எப்படி நிக்கிறாரு பாருங்கன்னு அவங்க வக்கீல் எழுந்து நின்னா, நம்ம வக்கீல் என்னத்தம்மா சொல்றது" என்று கேட்டார் கலந்தர் பாய். ரோட்டோரத்து நிலம் இன்றைக்கு மனை போட்டால் என்ன விலைக்குப் போகும் என்று நாகநாதனுக்குத் தெரியும். அதைப் பார்த்தால் இந்தப் பழைய காரை உனக்குச் சும்மாவே கொடுக்கலாம். அவர் ஏன் இவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார் என்று ஒரு நிமிஷம் நீ யோசித்தாயா? நம் ஆள் ஒருத்தன் அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனதற்குப் பஞ்சாயத்து வைத்த வீடு அது. அந்த வீட்டிலிருந்து ஒரு காரே உனக்கு இறங்கி வருகிறது, நீ அதை ஜெயம் என்று நினைத்துக் காசைக் கொடுத்திருக்கிறாய். மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறாய், இந்தத் தூண்டிலைப் பார்க்கக் கண் இல்லை.

கலந்தர் பாய் போனதும் உன் அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நா சிரிச்சேனே செவ்வந்தி, போட்டோல சிரிச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் நேராக வயலுக்குப் போனேன். நடவுப் பெண்கள் மத்தியானச் சோற்றுக்குக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். அம்சத்திடம் விஷயத்தைச் சொல்லி, காரை நாகநாதன் வாசலிலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்றேன். அவள் நம் நடவு ஆட்களுக்குத் தலைவி என்றாலும் எனக்கு நாத்தனார் முறை, என்னைவிட வாய் நீளம். "ஓட்டத் தெரியலன்னா என்ன அண்ணி, நாத்துக்கட்டு ஏத்துன வண்டிய எருது படுத்துக்கிட்டா நாம தள்ளுனதில்லையா, வா" என்றாள். யாரும் கால் கழுவவில்லை. முழங்கால் வரைக்கும் சேறோடு அப்படியே வந்தார்கள்.

வந்து தள்ளினால் கார் அசையவில்லை. அப்போதுதான் வேம்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். காருக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அதிலிருந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, கை பிரேக்கை இறக்க வேண்டும், கியரை நடுவில் விட வேண்டும், சாவியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் ஸ்டியரிங் வளையும் என்று சொன்னாள். இவள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று இனிமேல் நான் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். தள்ள முடியாத ஒரே ஆள் உன் அப்பாதான். "நா மாட்டேன், நா அதுல ஏற மாட்டேன்" என்றார். "போட்டோவுக்குச் சிரிச்சீங்கள்ல, ஏறுங்க" என்றேன். கோவணத்தோடு, கணுக்காலில் சேறோடு ஏறினார். கோழிகளை விரட்டினோம். அம்சம் முன்னால் நடந்து வழி சொன்னாள், மற்றவர்கள் பின்னால் கை வைத்துக் குலவை போட்டுக்கொண்டு தள்ளினார்கள். முதல் முடிக்குப் போடுகிற அதே குலவை.

வாய்க்கால் மதகு ஏற்றத்தில் எங்கள் முதுகு ஒடிந்தது. இறக்கத்தில் அது தானாக உருள ஆரம்பித்துவிட்டது. நாங்கள் பின்னால் ஓடுகிறோம், வேம்பு "அப்பா, நடுவுல இருக்கறத மிதிங்க, நடுவுல" என்று கத்துகிறாள், அம்சம் முன்னால் ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். அவள் புடவைத் தலைப்பில் உரசிக்கொண்டு நின்றது கார். "ஏண்ணே, குடும்பத்துக்கு ஒரு நொண்டி போதாதா, என்னையும் சேத்துக்கப் பாக்குறியா" என்று திரும்பி நின்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே அந்தத் தெருவுக்குள் போனோம். கதவு கதவாகத் திறந்து பார்த்தார்கள். நாகநாதன் வாசலுக்கு வந்துவிட்டார். "என்னம்மா செவ்வந்தி, பெட்ரோல் போடக்கூட ஒம் மவன் காசு அனுப்பலையா" என்றார். சுற்றி நின்ற அவர் ஆட்கள் சிரித்தார்கள். "எங்க வீட்ல ஓட்டறதுக்கு ஆளு இல்லைங்க, தள்ளறதுக்குத்தான் ஆளு இருக்கு, எங்க காலப் பாத்தா தெரியலைங்களா" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. காலைத்தான் பார்த்தார். அத்தனை காலிலும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. சாவியை நீட்டினேன். "கைமாத்துன பொருள திருப்பி வாங்குற பழக்கம் இந்த வீட்ல கெடையாது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் இரண்டாம் தடவை நீட்டவில்லை. காரின் மூக்கில் அந்தக் கொடிக்கம்பி இருக்கிறதே, இப்போது கொடி இல்லாமல் மொட்டையாக நிற்கிறது, அதில் சாவி வளையத்தை மாட்டிவிட்டேன். உன் அப்பா இறங்கி, காலை இழுத்துக்கொண்டு எங்களோடு நடந்து வந்தார். உட்கார்ந்த சீட்டில் இருந்த சேற்றை அவர் துடைக்கவில்லை. நானும் துடைக்கச் சொல்லவில்லை.

ஆகவே உன் ஆசை நிறைவேறிவிட்டது வீரையா. உன் அப்பா அந்தக் காரில் உட்கார்ந்து அந்தத் தெருவில் போய்விட்டார். மூன்று சுற்று இல்லை, ஒரே ஒரு போக்குத்தான். போதும் உனக்கு.

வந்து வாய்க்காலில் கால் கழுவும்போது அவர் சொன்னதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. "செவ்வந்தி, உள்ள உக்காந்து பாத்தா முன்னால நிக்கறவுங்க கால் தெரிய மாட்டேங்குது. அம்சம் கால் எனக்குத் தெரியவே இல்ல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அந்தாளுக்கும் உங்க கால் தெரியாமத்தான் ஏத்திட்டாரு, போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார், "கால்தானடி தெரியல. ஆளு நிக்கறது தெரியுதுல்ல. நா பிரேக்க மிதிச்சேன்ல."

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், சாக்குச் சொல்லாமல் செய். இந்த வண்டியை நான் வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை, அப்பாவைக் கேட்காமல் நானாகப் பேசியது, அந்தப் பேச்சும் முடிந்துவிட்டது என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கலந்தர் பாய் விலாசத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. வாய்தா கார்த்திகை பிறந்ததும் வருகிறது, அதற்கு முன்னால் அது வந்து சேர வேண்டும். கொடுத்த முன்பணம் போனால் போகட்டும், அதைக் கேட்டுக்கொண்டு அந்தத் தங்கை மகன் பின்னால் அலையாதே, அவன் கொடுக்கும் டீயையும் குடிக்காதே. அந்தப் போட்டோவுக்கு நம் பக்கத்தில் என்ன பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெருவே எங்கள் காலைப் பார்த்தது, யார் வந்து சாட்சி சொல்வார்கள் என்றும் தெரியாது. ஒருவரும் வர மாட்டார்கள் என்கிறார் கலந்தர் பாய். நிலம் போனால் உன் அப்பா அந்தக் காலை வைத்துக்கொண்டு யார் வயலில் போய் நிற்பார் என்று ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை நினைத்துப் பார். கார் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேஸ் முடியட்டும், நிலம் நிற்கட்டும், அதே மாதிரி சின்ன வண்டியாகக் கடையில் போய் வாங்கு, மூக்கில் கம்பி இல்லாததாக வாங்கு. அதுவரைக்கும் அப்பா பஸ்ஸில் போவார். கண்டக்டர் நம் பக்கத்து ஊர்ப் பையன், உட்கார இடம் பிடித்துக் கொடுக்கிறான். லீவு கிடைத்தால் தை அறுப்புக்கு வா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதகிலிருந்து நடந்து வா, ஊர் பார்க்கட்டும். வந்ததும் கால்சட்டையை மடித்துவிட்டுக் களத்தில் இறங்கு. உன் கையில் கருக்கரிவாள் பிடிக்கிற காய்ப்பு இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. உயரத்தில் ஏறி வேலை செய்கிறவன், கோபத்தை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்துவிட்டு ஏறு. வேம்பு பரீட்சைக்குப் படிக்கிறாள், அவளுக்கு ஒரு நல்ல இங்கிலீஷ் அகராதி வேண்டுமாம், காருக்கு வைத்திருந்த காசில் அதை வாங்கு. அய்யனார் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். என்றைக்காவது நீ ஒரு வண்டியில் உட்கார்ந்தால், முன்னால் நிற்கிற ஆள் உன் கண்ணுக்குத் தெரியட்டும். கையெழுத்துப் போட்ட காகிதம் மறக்காதே.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா
செவ்வந்தி